பள்ளத்தாக்கைக் காத்த படக்காரர்

அமெரிக்காவின் மேற்குக் கோடியில் உள்ளது கலிபோர்னியா மாநிலம். அங்கே வாட்கின்ஸ் மலை என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் சுமார் 8,500 அடி. அந்தப் பெயருக்கு உரியவரோ மனநோய் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவரைப் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல்கூட வைக்கவில்லை.

அவர்தான் கார்ல்டன் வாட்கின்ஸ். கடலோரங்களையும் மலைகளையும் வெட்டவெளிகளையும் படம் பிடிப்பதற்காகவே ஆயுள் முழுவதும் சுற்றித் திரிந்தவர். அவர் எடுத்த படங்கள் ஒரு பள்ளத்தாக்கையே காப்பாற்றின. அந்தப் படங்களை மட்டும் அவரால் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை.

பிழைப்பு தேடி

நியூயார்க் மாநிலத்தில் ஒனியோன்டா என்ற சிற்றூரில் 1829-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி வாட்கின்ஸ் பிறந்தார். 1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி உலகெங்கும் பரவியது. ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே ஓடினார்கள். இளைஞர் வாட்கின்சும் போனார். ஒனியோன்டாவில் கடை வைத்திருந்த காலிஸ் ஹண்டிங்டன் என்பவரும் போனார்.

ஹண்டிங்டன் அங்கு வியாபாரத்தில் வளர்ந்து, பிற்காலத்தில் ரெயில் பாதை போட்ட பெரும் கோடீசுவரர் ஆனார். வாட்கின்சுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. ஹண்டிங்டனின் கடைச் சரக்குகளைச் சுரங்கங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை கிடைத்தது. பிறகு சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு புத்தகக் கடையில் குமாஸ்தாவாக இருந்தார்.

அவர் காமிராவைத் தொட்டதே தற்செயல் என்பார்கள். ஒரு போட்டோ நிலையத்தில் படம் எடுப்பவர் திடீரென்று வேலையை விட்டுவிட்டார். வேறு ஆள் வரும்வரை அந்த இடத்தில் நிற்கும்படி முதலாளி வாட்கின்சிடம் சொன்னார். நின்றவர் வேலையைக் கற்றுக்கொண்டார். மாற்று ஆள் தேவைப்படவில்லை.

1850-களின் கடைசியில் அவர் சொந்தமாகத் தொழில் நடத்தினார். சுரங்கங்களையும், கோர்ட்டு வழக்கில் சிக்கிய நிலங்களையும் படம் எடுத்துக் கொடுத்தார்.

கண்ணாடித் தகடு

அந்தக் காலத்தில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அந்த ஈரம் காயும் முன்பே படம் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு இருட்டுக்குள் வைத்துக் கழுவியும் ஆக வேண்டும். அதனால் இருட்டறையும் கூடவே போக வேண்டும். வாட்கின்சுக்குக் கூடாரமே இருட்டறை. காற்றில் பறக்கும் தூசி ஒட்டினாலும் தகடு வீண்.

சிறிய படத்தைப் பெரிதாக்கும் வசதியும் அப்போது சரியாக வரவில்லை. பெரிய படம் வேண்டுமானால் பெரிய கண்ணாடி வேண்டும். எனவே 18 அங்குலம் அகலமும் 22 அங்குலம் நீளமும் கொண்ட தகடு பிடிக்கும் ராட்சதக் காமிராவை வாட்கின்ஸ் செய்வித்துக்கொண்டார்.

1861-ல் அதைக் கோவேறு கழுதைகள் மீது ஏற்றி யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். காமிரா, கண்ணாடி, ரசாயனம், கூடாரம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன் சுமை என்பர். நெட்டுக்குத்தான பாறைகளையும், வானத்திலிருந்து கொட்டுவது போன்ற அருவிகளையும் 30 பெரிய தகடுகளில் பிடித்துக்கொண்டு திரும்பினார். இரட்டைக் கண்ணாடியில் பார்க்கும் சிறிய படங்கள் வேறு சுமார் 100 எடுத்தார்.

லிங்கன் கையெழுத்து

அந்தப் படங்கள் 1862-ல் நியூயார்க்கில் பார்வைக்கு வைக்கப்பட்டன. கிழக்கே இருந்தவர்கள் மேற்கின் பிரும்மாண்டத்தைக் கண்டு மலைத்தார்கள். அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஆனாலும் அந்தப் பள்ளத்தாக்கு தனியார் கையில் சிக்கிச் சீரழியக் கூடாது என்ற எண்ணம் பிறந்தது.

கலிபோர்னியா செனட்டர் ஜான் கானஸ் மசோதா கொண்டுவந்தார். 1864-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அதில் கையெழுத்திட்டார். பள்ளத்தாக்கும் அருகிலுள்ள ராட்சத மரத்தோப்பும் என்றென்றும் பொதுமக்களுக்கே என்று ஆயிற்று. லிங்கன் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. சட்டம் வருவதற்கு வாட்கின்சின் படங்கள் பெரிதும் துணை நின்றன என்பது சரித்திர ஆசிரியர்களின் கருத்து.

பின்னர் நில ஆராய்ச்சிக் குழுவுக்காகவும் வாட்கின்ஸ் அங்கே படம் எடுத்தார். அந்தக் காலத்தில்தான் ஒரு மலைக்கு அவர் பெயர் வந்தது.

கடலும் ஆறும்

1863-ல் மென்டசீனோ கடற்கரைக்கும், 1867-ல் வடக்கே ஒரிகான் பகுதியில் கொலம்பியா ஆற்றங்கரைக்கும் சென்றார். சான்பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே நடுக்கடலில் உள்ள பாரலோன் பாறைத் தீவுகளையும் படம் பிடித்தார். தகட்டில் ஒளி பதிய வெகு நேரம் ஆகும். அதற்குள் அலைகள் புரண்டுவிடும். ஆகவே அவர் படங்களில் பாறை அசையாமல் நிற்கும். கடல் பனிமூட்டம்போல் தெரியும்.

1867-ல் பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது. சான்பிரான்சிஸ்கோவில் பெரிய படக்கூடமும் திறந்தார்.

கைவிட்டுப் போனது

கலையில் கெட்டிக்காரர், கணக்கில் அல்ல. அவர் படங்களை அனுமதி இல்லாமல் அச்சடித்துப் பலர் காசு பார்த்தார்கள். 1875-ல் கலிபோர்னியாவின் பெரிய பாங்கி ஒன்று முறிந்தது. வியாபாரம் படுத்தது. அந்தக் குளிர்காலத்திலேயே படக்கூடமும், அதுவரை எடுத்த கண்ணாடித் தகடுகளும் கடன்காரர் கைக்குப் போயின. டேபர் என்ற போட்டோக்காரர் அந்தப் படங்களைத் தம் பெயரிலேயே வெளியிட்டார்.

அப்போது வாட்கின்சுக்கு வயது 46. அவர் உட்கார்ந்து அழவில்லை. காமிராவைத் தூக்கிக்கொண்டு பழைய இடங்களுக்கே மறுபடியும் போனார். ஒன்றிலிருந்து தொடங்கினார். புதிய வரிசை என்று அவற்றுக்குப் பெயர் கொடுத்தார்.

1879-ல் கல்யாணம் நடந்தது. ஒரு மகள், ஒரு மகன். மகனுக்குப் பழைய நண்பரின் நினைவாகக் காலிஸ் என்று பெயரிட்டார். ஆனால் வறுமை விடவில்லை. கண்பார்வையும் மங்கியது. 1890-களின் நடுவில் வாடகை கொடுக்க வழியின்றி, குடும்பத்தோடு ஒன்றரை ஆண்டுக் காலம் ரெயில் சரக்குப் பெட்டி ஒன்றில் குடியிருந்தார். பின்னர் ஹண்டிங்டன் ஒரு சிறு பண்ணையை அவருக்குக் கொடுத்து உதவினார்.

பூகம்பம்

வயதான காலத்தில் ஒரு நம்பிக்கை ஒளி தெரிந்தது. அவருடைய சேகரிப்பை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் வாங்கிக்கொள்ளும் பேச்சு நடந்தது. அது முடிவதற்குள் 1906-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி அதிகாலையில் சான்பிரான்சிஸ்கோவைப் பூகம்பம் குலுக்கியது. தொடர்ந்து தீ பரவியது. வாட்கின்சின் கூடமும் அதில் இருந்த தகடுகளும் அழிந்தன. டேபரிடம் இருந்த பழைய தகடுகளும் அதே தீயில் போயின.

பார்வை இழந்த கிழவரை இருவர் கைத்தாங்கலாகத் தெருவில் நடத்திச் செல்லும் போட்டோ ஒன்று இன்றும் இருக்கிறது. ஊரெல்லாம் படம் எடுத்தவரை அன்று வேறொருவர் படம் எடுத்தார்.

அந்த அதிர்ச்சியிலிருந்து அவர் மீளவே இல்லை. 1910-ல் நாபா நகர மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். 1916-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி, 86-வது வயதில் அங்கேயே காலமானார்.

விற்றது பிழைத்தது

அவர் பத்திரப்படுத்தி வைத்த தகடுகள் சாம்பலாயின. பிழைப்புக்காக விற்ற காகிதப் படங்கள் பல வீடுகளிலும் நூல்நிலையங்களிலும் தங்கிப் பிழைத்தன. அந்தப் பெரிய படங்களில் கிடைத்தவற்றைத் திரட்டி 2011-ல் ஒரு பட்டியல் நூல் வெளியிடப்பட்டது. அதில் இருப்பவை 1,200-க்கும் மேல்.

யோசெமிட்டியில் ஒரு சிறு ஏரி உண்டு. கண்ணாடி ஏரி என்று பெயர். வாட்கின்ஸ் மலை அதில் தலைகீழாகத் தெரிவதை வாட்கின்சே ஒரு முறை படம் பிடித்தார். கல்லறையில் இல்லாத பெயரை அந்த மலை சுமந்துகொண்டு நிற்கிறது.