தாவரவியலாளர் ஜானகி அம்மாள் (1897–1984)

தைப்பூசத்தை ஒட்டி மறவன்புலவு வயலில் அறுத்த புதிர்நெல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு வந்துசேர்வதை நம்மிற் பலர் பாடசாலைக் காலத்தில் பார்த்திருப்போம். எங்கள் வீட்டில் அம்மம்மா புதுநெல்லில் விதைக்கென ஒரு பங்கை வேறாகக் கட்டி வைத்த பிறகே மிச்சத்தைக் குத்தக் கொடுப்பார். அது மொட்டைக்கறுப்பன். 1995 ஐப்பசியில் நாம் இடம்பெயர்ந்தபோது நெல் வயலில் பச்சையாக நின்றது. அதை அறுக்க ஒருவரும் இருக்கவில்லை. அடுத்த வருடத்துக்கான விதையும் அதோடு போயிற்று. திரும்பி வந்தபின் தென்மராட்சி உறவினரிடம் ஒரு கடகம் விதைநெல் கேட்டு வாங்கித்தான் அம்மம்மா மீண்டும் தொடங்கினார்.

விதைக்குள் இருப்பது என்ன என்று உயர்தர உயிரியல் வகுப்பில், ஜாம் போத்தல் விளக்குக் காலத்தின் பழைய கொப்பிகளை வைத்துக்கொண்டு படித்தோம். அங்கே கேட்ட ஆய்வாளர் பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை. ஜானகி அம்மாளின் பெயரை நான் அறிந்தது மருத்துவரான பிறகுதான். எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி கேட்டபோது அவரைப் பற்றியே எழுத விரும்பினேன்.

எடவலத்து கக்கட் ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். தந்தையார் நீதிபதி, செடிகொடிகளில் பெரு விருப்பமுள்ளவர். தாயார் ஓர் ஆங்கிலேய அதிகாரிக்கும் மலையாளப் பெண்ணுக்கும் பிறந்தவர். குடும்பம் தீயர் சமூகத்தைச் சேர்ந்தது. சாதியும் பிறப்பும் பார்க்கும் ஊரில் இவை இரண்டுமே பேச்சுக்கு இடமாகக்கூடியவை.

சென்னை இராணி மேரி கல்லூரியில் படித்து, மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் சிறப்புப் பட்டம் பெற்றார். பின்பு பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்தார். அந்நாளில் யாழ்ப்பாணத்திலிருந்தும் பெண்கள் மேற்படிப்புக்குச் சென்னைக்குத்தான் கப்பலும் ரயிலும் ஏறிப் போனார்கள். ஆசிய நாட்டுப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் புலமைப்பரிசில் ஜானகிக்குக் கிடைத்தது. வீட்டில் பேசிவைத்த கலியாணத்தை விட்டுவிட்டு அவர் 1924இல் புறப்பட்டார். 1931இல் அங்கேயே அறிவியற் கலாநிதியானார். பெண்கள் பட்டம் பெறுவதே அரிதான காலத்தில், தாவரவியலில் இவ்வுயரத்தை எட்டிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர் அவர்.

திருவனந்தபுரத்தில் சிறிது காலம் பேராசிரியராக இருந்தபின், 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனவிருத்தி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே பார்பர், வெங்கட்ராமன் ஆகியோர் ஏற்கெனவே ஒரு பெரிய காரியத்தைச் செய்திருந்தனர். தடித்த, இனிப்பு மிகுந்த கரும்பையும், ஆற்றங்கரைகளில் தானாக வளரும் காட்டுக் கரும்பையும் கலந்து 1918இல் கோ 205 என்ற வகையை வெளியிட்டனர். ஒன்றின் இனிப்பும் மற்றதன் தாக்குப்பிடிக்கும் வலுவும் அதிலே சேர்ந்தன.

இந்தக் கலப்பில் கலத்துக்குள் நடப்பது என்ன என்பதை நுணுக்குக்காட்டியில் பார்த்தவர் ஜானகி அம்மாள். மனிதரில் 46 நிறமூர்த்தங்கள். ஒன்று கூடினாலே டவுண் நோய்க்கூட்டறிகுறி போன்ற பெரிய விளைவுகள் உண்டாகும். நெல்லில் 24. இனிப்புக் கரும்பில் 80. காட்டுக் கரும்பில் இடத்துக்கிடம் மாறி 40 முதல் 128 வரை. அவர் நாடெங்கும் காட்டுக் கரும்பைச் சேகரித்து அதன் பரவலை ஆராய்ந்தார். கரும்பைச் சோளத்தோடும் வேறு புல்லினங்களோடும் கலந்து பார்த்தார். சேர். சி. வி. இராமன் தொடங்கிய இந்திய அறிவியற் கழகத்தில் 1935இல் அவருக்கும் இடம் கிடைத்தது.

கலப்பின வீரியம் என்பதை மருத்துவராக நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். நம் உடலின் கலங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பரம்பரையலகுகளே உள்ளன. இன்சுலினுக்கான அலகு தோலிலும் உண்டு. ஆனால் அது வேலை செய்வது சதையியில். எந்த அலகு எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதே பரம்பரையலகு வெளிப்பாடு. வேறுபட்ட இரு பெற்றோரின் அலகுகள் ஒரு செடியில் சேரும்போது, ஒன்றின் குறையை மற்றது மூடுகிறது. அதோடு இரு பக்கத்துக் கட்டுப்பாடுகளும் சந்திப்பதால் பல அலகுகளின் வெளிப்பாடு பெற்றோரில் இருந்த அளவிலிருந்து மாறுகிறது. இப்படியான பல சிறு மாற்றங்கள் சேர்ந்தே பிள்ளைச்செடி பெற்றோரை விஞ்சி வளர்கிறது.

ஆனால் அப்பிள்ளைச்செடியின் விதையை மீண்டும் விதைத்தால் அலகுகள் கலைந்து பிரிகின்றன. பயிர் ஒரு சீராக வராது. கரும்புக்கு இந்தக் கவலை இல்லை. கரணை வெட்டி நட்டால் அதே செடிதான் மீண்டும் வரும். கோயம்புத்தூர்க் கரும்பின் வலு தலைமுறை தலைமுறையாக நின்றது இதனாலேயே.

அந்நிலையத்தில் அவருக்கு எல்லாம் சுமுகமாக இருக்கவில்லை. தனித்து வாழும் பெண் என்பதும் சாதியும் அவர் வழியில் தடையாக நின்றன என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். 1939இல் எடின்பரோவில் நடந்த பரம்பரையியல் மாநாட்டுக்குப் போனார். யுத்தம் தொடங்கியது, அங்கேயே தங்கினார். குண்டு விழுந்த இலண்டனில், ஜோன் இன்ஸ் நிலையத்தில் வேலை செய்தார். 1945இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் நிறமூர்த்தங்கள் பற்றிய பெரும் தொகுப்பு நூலை வெளியிட்டார். பின்னர் விஸ்லியிலுள்ள வேத்தியல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் பணியாற்றினார். கொல்சிசின் என்ற மருந்தால் மக்னோலியா நாற்றுகளின் நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கினார். அந்தக் கொல்சிசினைத்தான் கவுட் வாதத்துக்கு நாங்கள் இன்றும் எழுதிக்கொடுக்கிறோம்.

1951இல் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1955இல் பிரின்ஸ்டனில், மனிதர் பூமியை மாற்றிய விதம் பற்றிக் கூடிய பெரிய மாநாட்டில் பேச அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எண்பது வயதைக் கடந்தும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடிக்கவிருந்த மின்திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். சென்னைக்கு அருகில் மதுரவாயலிலிருந்த ஆய்வுக்கூடத்தில் கடைசிவரை வேலை செய்து, 1984 பெப்ரவரி 7ஆம் திகதி காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவர் அதைப் பார்க்க இருக்கவில்லை.

அவர் கரும்பில் ஆராய்ந்த விடயம் இன்று நெல்லில் தொடர்கிறது. நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும். ஆகையால் கலப்பு விதையைப் பெருமளவில் எடுப்பது கடினம். ஆண்மலட்டு நெல்லைக் கொண்டு அதைச் சாத்தியமாக்கியது 1973இல் சீனாவின் யுவான் லொங்பிங் குழு. விளைச்சல் கூடியது, ஆனால் கமக்காரர் ஒவ்வொரு போகமும் விதையைக் காசுக்கு வாங்கவேண்டும். அம்மம்மாவைப் போல விதை கட்டி வைக்க முடியாது. 1950களின் இறுதியில் நம் நாட்டில் வந்த எச்-4 நெல் அப்படியானதல்ல. முருங்கைக்காயனையும் இந்தோனேசியாவின் மாஸ் நெல்லையும் கலந்து, பல தலைமுறை தெரிந்தெடுத்து நிலைப்படுத்தியது அது. அதன் விதையை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் ஒன்றாக்க முடியுமா? சாதாரணமாக, கருக்கட்டியபின் தந்தை வழி வந்த ஒரு பரம்பரையலகு வெளிப்பட்டே நெல்லின் முளையம் உருவாகத் தொடங்குகிறது. 2018இல் கலிபோர்னியாவில் வெங்கடேசன் சுந்தரேசன் குழுவினர் அந்த அலகை முட்டைக்கலத்திலேயே வெளிப்படச் செய்து, கலப்பிரிவையும் மாற்றி, தாயைப் போலவே இருக்கும் விதைகளைப் பெற்றனர். கரணை செய்வதை விதையே செய்தது. அது கமக்காரர் கைக்கு வந்துசேர இன்னும் வேலை உண்டு. வந்தபின் அந்த விதை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் உண்டு. அந்த வேலையிலும் அந்தக் கேள்வியிலும் நம் பாடசாலைப் பிள்ளைகளும் பங்கெடுக்கவேண்டும் என்பது என் ஆசை.

இங்கிலாந்தில் வாழும் நம் பழைய மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜானகி அம்மாள் வளர்த்த மக்னோலியாக்கள் விஸ்லித் தோட்டத்தில் பங்குனி மாதத்தில் இன்றும் பூக்கின்றன. அவற்றுள் வெள்ளைப் பூப்பூக்கும் ஒரு வகை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். அம்மரத்தை வளர்த்தவர் யார் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.