நிமிஷத்துக்கு 2,115 சுற்று… கண்டம் தாண்டிய தந்தி! யார் இந்த எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன்?

பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. ஆனால் ஒரு சைகையைக் காட்டிவிட்டு, கையை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தால் அந்தக் கோடியில் இருப்பவருக்கும் புரிந்துவிடும். மிகக் குறைந்த அதிர்வெண் ரேடியோவும் ஏறக்குறைய இப்படித்தான். இரைச்சல் அதிகம், வேகம் குறைவு. ஆனால் ரொம்ப தூரம் போகும். அந்த அலையை அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் வரை ஓட வைத்த இயந்திரத்தைச் செய்தவர்தான் அலெக்சாண்டர்சன்.

1878 ஜனவரி 25-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் பிறந்தவர். ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துவிட்டு பெர்லினிலும் கொஞ்ச காலம் படித்தார். ஸ்டெய்ன்மெட்ஸ் எழுதிய மின்னியல் புத்தகம் கையில் கிடைத்தது. இவரிடம்தான் வேலை பார்க்க வேண்டும் என்று 1901-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அடுத்த வருஷமே ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை.

1904-ல் ஃபெசெண்டன் என்பவர் ஒரு விசித்திரமான ஆர்டரோடு வந்தார். நம்ம வீட்டு கரண்ட் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. அவர் கேட்டதோ நொடிக்கு ஒரு லட்சம் முறை! அன்றைய ரேடியோ தீப்பொறியில் ஓடியது. விட்டு விட்டு வரும் அந்த அலையில் மனிதக் குரலை ஏற்றுவது பெரும்பாடு. அறுபடாத அலை வேண்டும். இரண்டு வருஷம் மண்டையை உடைத்து 1906-ல் இயந்திரத்தைக் கொடுத்தார் அலெக்சாண்டர்சன்.

இங்கேதான் வேடிக்கை. குரலுக்காகப் பிறந்த இயந்திரம், பெரிதாகப் பெரிதாக மெதுவான மோர்ஸ் தந்திக்குப் போய்விட்டது. சக்தி 200 கிலோவாட் வரை ஏறியது, அதிர்வெண் இறங்கியது. அவ்வளவு நீளமான அலைக்கு ஆன்டெனா, வாய் குறுகிய குடம் மாதிரி. குரலை ஊற்ற முடியாது, சொட்டுச் சொட்டாகப் புள்ளியும் கோடும்தான் போகும். மார்க்கோனி கம்பெனி இந்த இயந்திரத்தை மொத்தமாக வளைக்கப் பார்த்தது. அது வெளிநாட்டுக்குப் போய்விடக் கூடாது என்று அமெரிக்கக் கடற்படை குறுக்கே நின்றது. அப்படித்தான் 1919-ல் ஆர்.சி.ஏ. நிறுவனம் உருவானது.

1923-ல் அவருடைய 6 வயது மகன் வெர்னரை யாரோ கடத்திப் போனார்கள். ஊர் ஊராகத் தேடல் நடந்தது. ஷெனெக்டடி நகரின் டபிள்யூ.ஜி.ஒய். வானொலி பையனின் அடையாளங்களை அறிவித்தது. தொலைவில் அதைக் கேட்ட ஒருவர் சந்தேகப்பட்டுத் தகவல் சொல்ல, சில நாட்களில் பையன் பத்திரமாகத் திரும்பினான். அந்த வானொலி ஓடியது வால்வில். அலெக்சாண்டர்சனின் ராட்சத இயந்திரங்களை ஓரம் கட்டியதும் அதே வால்வுதான்.

இயங்கும் நிலையில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. ஸ்வீடனின் கிரிமெட்டனில், அமெரிக்காவுக்குத் தந்தி அனுப்ப 1924-ல் ஓடத் தொடங்கியது. 488 பள்ளங்கள் கொண்ட எஃகுத் தட்டு நிமிஷத்துக்கு 2,115 முறை சுழல, 17.2 கிலோஹெர்ட்ஸ் அலை பிறக்கிறது. அலைநீளம் 17 கிலோமீட்டருக்கு மேல்! 2004-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் டிசம்பர் 24-லும் அதை ஓட்டி மோர்ஸில் வாழ்த்து அனுப்புகிறார்கள். பல நாட்டு அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்கள் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டை வைத்தே அதைப் பிடிக்கிறார்கள்.

அமெச்சூர்களுக்கு 136 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்னப் பட்டை 2007-ல் உலக அளவில் ஒதுக்கப்பட்டது. அனுமதி 1 வாட் வரைதான். அதனால் ஒரு புள்ளியையே 3 நொடி, சில நேரம் ஒரு நிமிஷம் வரை இழுத்து அனுப்புகிறார்கள். அது காதுக்குக் கேட்காது, திரையில் கோடாகத் தெரியும். 2008-ல் நோபல் விஞ்ஞானி ஜோ டெய்லர் கொடுத்த 'விஸ்பர்' முறையில், ஒரு குட்டித் தகவல் போய்ச் சேரவே 2 நிமிஷம் ஆகும்.

நூற்றுக்கணக்கான காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரரான அலெக்சாண்டர்சன் 1975 மே 14-ல், 97 வயதில் காலமானார்.

நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருக்கிறது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தகவல் அனுப்புவதுதான் அதன் வேலை. இயந்திரம் வேறு, ஆனால் அலை அதே வகை: 18.2 கிலோஹெர்ட்ஸ்.