ஐந்து மாணவியரோடு தொடங்கிய கனவு: பேகம் ரொக்கையாவின் வாழ்க்கை

உலகெங்கும் இளவயதினர் விரும்பிப் படிக்கும் நாவல்களில் ஒரு வகை அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. நாடு சீரழிந்து, ஆட்சி கொடுங்கோலாகி, மூத்தோர் அனைவரும் கைவிட்ட நிலையில், மனிதகுலத்தின் கடைசி நம்பிக்கையாகப் பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணோ பையனோ எஞ்சி நிற்கும் கதைகள் அவை. 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹங்கர் கேம்ஸ்' என்னும் நாவலும் அதன் திரைப்படங்களும் இவ்வகைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தன. இத்தகைய கற்பனைகள் மேற்குலகிலிருந்து இறக்குமதியானவை என்பதே நம்மிற் பலரது எண்ணமாகும். ஆனால் 1905 ஆம் ஆண்டிலேயே ஒரு முஸ்லிம் பெண்மணி, நாடு முழுவதும் தோற்று நின்ற வேளையில் மாணவிகளே அதனைக் காப்பாற்றும் கதையொன்றை எழுதினார் என்பதும், அக்கதை முதன்முதலில் அச்சேறியது சென்னையிலே என்பதும் தமிழ் வாசகர்களிற் பலர் அறியாத செய்திகளாகும்.

அப்பெண்மணி பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன். வங்காளத்தில் அவரது பெயரை ரொக்கேயா என்று ஒலிப்பார்கள். கனமூலை, மதுரங்குளி, கற்பிட்டி எனப் புத்தளத்துக் கரையோரக் கிராமங்களில் றுகையா என்று நாம் நம் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் பெயர்தான் அது. நபிகள் நாயகத்தின் அருமை மகளாரின் பெயர். அப்பெயரைத் தாங்கிய இவ்வம்மையாரின் வாழ்வை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பதாலேயே இன்று அதனை இப்பக்கத்தில் எடுத்துரைக்கின்றோம்.

இன்றைய பங்களாதேஷின் ரங்பூர் மாவட்டத்திலுள்ள பைராபந்த் என்னும் கிராமத்தில், 1880 ஆம் ஆண்டில், நிலபுலம் மிக்க ஜமீன்தார் குடும்பமொன்றில் ரொக்கையா பிறந்தார். தந்தையார் பன்மொழி கற்றவர். எனினும் பெண் பிள்ளைகளின் கல்வி திருக்குர்ஆன் ஓதுவதோடும், சிறிது உருதுவோடும் நின்றுவிட வேண்டும் என்பது அக்கால உயர்குடி வழக்கமாயிருந்தது. வங்காளமும் ஆங்கிலமும் பெண்களுக்கு ஆகாதவை எனக் கருதப்பட்டன. ஐந்து வயதிலேயே ரொக்கையாவுக்குக் கடுமையான திரை விதிக்கப்பட்டது. ஆடவர் முன் மட்டுமன்று, வீட்டுக்கு வரும் அறிமுகமற்ற பெண்களின் முன்னும் அச்சிறுமி தோன்றக்கூடாது. விருந்தினர் வந்த அரவம் கேட்டால் மூலை முடுக்குகளில் ஓடி ஒளிய வேண்டும். இதனை அவரே பிற்காலத்தில் எழுதிவைத்துள்ளார்.

அவரது மூத்த சகோதரி, நம் வழக்கிற் சொன்னால் ராத்தா, கரீமுன்னிஸா. தம்பிமார் பாடம் படிப்பதைக் கேட்டும் களவாக எழுதிப் பார்த்தும் வங்காளம் கற்றவர் அவர். உறவினரின் ஏச்சுக்கு அஞ்சி அவரது படிப்பு நிறுத்தப்பட்டது. பதினைந்து வயது நிரம்புமுன்னரே மணம் முடித்துக் கொடுக்கப்பட்டார். அவ்வாறு தடைப்பட்டுப் போன ராத்தாவே தங்கைக்கு வங்காள மொழியை ஊட்டினார். மூத்த சகோதரர் இப்ராஹீம் சாபிர், வீட்டார் உறங்கிய பின்னர் விளக்கொளியில் அமர்ந்து தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். ரொக்கையா ஒரு நாளேனும் பாடசாலை சென்றவரல்லர். ஒரு காக்காவும் ஒரு ராத்தாவும் மனம் வைத்ததனால் ஒரு சமுதாயத்தின் தலைவிதி மாறியது. தம் நூல்களில் ஒவ்வொன்றை இவ்விருவருக்கும் காணிக்கையாக்கி அவர் அந்நன்றிக்கடனைத் தீர்த்துக்கொண்டார்.

இருபது வயது நிரம்புமுன்னரே ரொக்கையாவுக்கும் திருமணம் நடந்தது. மணமகன் பீஹாரிலுள்ள பாகல்பூரைச் சேர்ந்த சையத் சகாவத் ஹுசைன். அரசாங்கத்தில் உதவி மாஜிஸ்திரேட்டாகப் பணிபுரிந்தவர். முதல் மனைவியை இழந்தவர். ரொக்கையாவைவிட வயதில் மிக மூத்தவர். இத்தகைய மணம் ஓர் இளம்பெண்ணின் வாழ்வை முடக்கிவிடும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் சகாவத் ஹுசைன் கல்வியை மதித்த நன்மனத்தினர். மனைவி ஆங்கிலத்தில் வாசிப்பதையும் வங்காளத்தில் எழுதுவதையும் அவர் ஊக்குவித்தார். பெண்கல்வியின்றிச் சமுதாயத்துக்கு மீட்சியில்லை என்பது அவரது உறுதியான கருத்தாயிருந்தது. 1904 ஆம் ஆண்டில் ரொக்கையாவின் கட்டுரைத் தொகுதியான 'மோதிசூர்' வெளிவந்தது.

இக்காலத்திலேதான் அக்கதை பிறந்தது. கணவர் அலுவல் நிமித்தம் இரு தினங்கள் வெளியூர் சென்றிருந்த வேளை, தனித்திருந்த ரொக்கையா பொழுதுபோக்குவதற்காகவும் தம் ஆங்கிலத்தைப் பரீட்சித்துப் பார்ப்பதற்காகவும் சில பக்கங்களை எழுதினார். திரும்பி வந்த கணவர் உட்காரவும் மறந்து நின்றவாறே அதனைப் படித்து முடித்தார். ஆடவர் மீது தம் மனைவி தீர்த்துக்கொண்ட பெரும் பழி அது என்று வியந்தார். மொழியைத் திருத்தித் தருமாறு ஆங்கிலேய அதிகாரி ஒருவருக்கு அனுப்பினார். அவரோ திருத்தமேதுமின்றியே அதனைத் திருப்பியனுப்பினார். சென்னையில் கமலா சத்தியநாதன் 1901 ஆம் ஆண்டு முதல் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மகஸின்' என்னும் சஞ்சிகையில் 'சுல்தானாவின் கனவு' என்ற பெயரில் அக்கதை 1905 இல் வெளிவந்தது. 1908 இல் கல்கத்தாவில் நூலுருப் பெற்றது.

கதை இதுதான். சுல்தானா என்னும் பெண் சாய்வு நாற்காலியில் கண்ணயர்கின்றாள். சாரா என்னும் தோழி அவளைப் பெண்கள் நாடு என்ற புதுமையான தேசத்துக்கு அழைத்துச் செல்கின்றாள். அங்கே ஆடவர் வீட்டினுள்ளே திரைக்குப் பின் இருக்கின்றனர். பெண்களே தேசத்தை நடத்துகின்றனர். அந்நிலை எவ்வாறு வந்ததென்பதைச் சாரா விவரிக்கின்றாள். பெண்கள் அனைவரும் கல்வி கற்க வேண்டுமென அந்நாட்டு அரசி ஆணையிட்டாள். இருபத்தொரு வயதுக்கு முன்னர் எந்தப் பெண்ணுக்கும் மணம் செய்விக்கக் கூடாதெனச் சட்டமியற்றினாள். பெண்களுக்கென இரு பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஒன்று மேகத்திலிருந்து நீரை நேரே பெறும் வழியைக் கண்டறிந்தது. மற்றது சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கும் கருவியை ஆக்கியது. ஆடவர்களோ இவற்றை எள்ளி நகையாடிப் படைபலம் பெருக்குவதிலேயே காலம் கழித்தனர்.

அயல்நாட்டு மன்னனின் ஆட்சியிலிருந்து தப்பி வந்த சிலருக்கு அரசி அடைக்கலம் அளித்தாள். அவர்களைத் திருப்பியனுப்ப மறுத்தமையால் போர் மூண்டது. படைகள் மடிந்தன. பதினாறு வயதுப் பையன்களும் களத்துக்குச் சென்று மீளவில்லை. தலைநகரை நோக்கி எதிரி வந்துகொண்டிருந்தான். இனி எவ்வழியும் இல்லை என்ற நிலையில் பல்கலைக்கழகத் தலைவி ஒருத்தி முன்வந்தாள். இரண்டாயிரம் மாணவிகள் அவளோடு புறப்பட்டுச் சென்று, திரட்டிய சூரியக் கதிரையும் வெப்பத்தையும் எதிரிப்படையின் மீது பாய்ச்சினார்கள். தாங்க முடியாத எதிரிகள் சிதறி ஓடினர். அதன் பின்னர் அந்நாட்டைத் தாக்க எவரும் துணியவில்லை.

புத்தளம் மாவட்டத்தில் வாழ்வோர் இக்கதையைத் தூரத்துக் கற்பனையென ஒதுக்கிவிட இயலாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் இம்மண்ணிலேதான் தஞ்சம் புகுந்தனர். அடைக்கலம் கொடுப்பதன் அறமும் அதன் சுமையும் இங்குள்ளோருக்குப் புத்தகத்திற் படித்துத் தெரிய வேண்டியவையல்ல. வெயிலைக் கொண்டு உப்பு விளைவித்து வாழும் களப்போரம் இது. 2010 முதல் மாம்புரிக் கரையில் காற்றாலைகள் சுழல்கின்றன. நுரைச்சோலையிலோ 2011 முதல் நிலக்கரி எரிக்கப்படுகின்றது. சூரியனைக் கொண்டு அடுப்பெரிக்கலாம், நாட்டையும் காக்கலாம் என்று ஒரு பெண் 1905 இல் எழுதியதை இக்கரையிலிருந்து படிக்கும்போது அதன் பொருள் இன்னும் ஆழமாகின்றது.

ரொக்கையாவின் சொந்த வாழ்வு கதைபோல் இனிமையாக அமையவில்லை. அவர் ஈன்ற இரு பெண் குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே இறையடி சேர்ந்தன. கணவர் நீரிழிவு நோயால் கண்பார்வை குன்றி, 1909 மே மாதத்தில் வபாத்தானார். பெண்கள் பாடசாலை ஒன்றுக்கென அவர் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். இத்தா முடிந்த சிறிது காலத்திலேயே, 1909 ஒக்டோபர் முதலாம் திகதி, பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு ரொக்கையா அப்பாடசாலையைத் தொடங்கினார். ஆயினும் கணவரின் முதல் தாரத்து மகளின் குடும்பத்தோடு சொத்துப் பிணக்கு மூண்டது. ஊரில் தங்க இயலாது கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். 1911 மார்ச் 16 ஆம் திகதி வலியுல்லா ஒழுங்கையில் ஒரு வாடகை வீட்டில் எட்டு மாணவியருடன் சகாவத் நினைவுப் பெண்கள் பாடசாலை மீண்டும் உதித்தது. இருபதின் இறுதியில் மகளைத் தொலைத்த தாயாகவும் விதவையாகவும் நின்ற பெண், பிறர் பெற்ற பெண்களுக்குத் தாயானார்.

பாடசாலை நடத்தியறியாத அவர் பிற பாடசாலைகளுக்குச் சென்று கற்பித்தல் முறைகளைப் பார்த்துப் பழகினார். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டார். திரை பேணப்படும் என்று உறுதியளித்தார். அதற்காகவே முற்றாக மூடப்பட்ட வண்டியொன்று ஒழுங்கு செய்யப்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகாத அவ்வண்டியில் சிறுமிகள் மயங்கி விழுந்தனர், வாந்தியெடுத்தனர். மூடிகளைச் சிறிது அகற்றித் திரைச்சீலை தொங்கவிட்டபோது, காற்றில் சீலை விலகித் திரை குலைகின்றதென மிரட்டற் கடிதங்கள் வந்தன. பெற்றோரின் முறைப்பாடு ஒரு பக்கம், ஊராரின் அச்சுறுத்தல் மறுபக்கமாக அவர் தவித்த தவிப்பை 1931 இல் வெளிவந்த 'அவரோதபாசினி' என்ற நூலில் பதிவு செய்துள்ளார். திரைக்குள் அடைபட்ட பெண்களின் மெய்யான அவல நிகழ்வுகளின் தொகுப்பு அது. 'சுல்தானாவின் கனவு' காட்டிய நல்லுலகுக்கு எதிர்ப்புறத்தில் உள்ள இருண்ட உலகம் எதுவெனக் கேட்போர் இந்நூலைப் படித்தாற் போதும். அதற்குக் கற்பனை தேவைப்படவில்லை.

இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகின்றோம். ரொக்கையா மார்க்கத்துக்கு எதிராக எழுந்தவரல்லர். இறுதிவரை புர்கா அணிந்தவர். மிதமான பர்தாவை ஆதரித்துக் கட்டுரை வரைந்தவர். அவரது பாடசாலையில் திருக்குர்ஆனும் கற்பிக்கப்பட்டது. ஆங்கிலம், வங்காளம், உருது, தையல், உடற்பயிற்சி ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. ஓதுமாறு பணித்தே அருளப்பெற்ற வேதத்தை உடைய சமுதாயம் தன் பெண்களை எழுத்தறியாதவர்களாக வைத்திருப்பது அந்த வேதத்துக்கே செய்யும் துரோகம் என்பதே அவரது வாதமாயிருந்தது. மரபை மார்க்கமென்று மயங்குவதையே அவர் எதிர்த்தார். 1916 இல் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்து, ஏழைப் பெண்களுக்கும் விதவைகளுக்கும் அதன் மூலம் உதவினார். 1926 இல் வங்காளப் பெண்கல்வி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

நம் நாட்டிலும் இக்குரல் அதற்கு முன்னரே ஒலித்தது. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும், 1885 இல் 'அசன்பேயுடைய கதை' என்னும் நாவலை எழுதியவருமான அறிஞர் சித்திலெவ்வை, முஸ்லிம் பெண்களின் கல்விக்காகக் கண்டியில் பாடுபட்டார். அசனும் சிறுவயதில் கடத்தப்பட்டுத் தன் அறிவாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்த இளைஞனே. இவ்விருவரும் ஒருவரையொருவர் அறிந்தவரல்லர். எனினும் சட்டமும் சொற்பொழிவும் சென்றடையாத இடத்துக்குக் கதை சென்றடையும் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

1932 டிசம்பர் 9 ஆம் திகதி, 52 ஆவது வயதில் ரொக்கையா இவ்வுலகை நீத்தார். முந்திய இரவு வரை பெண்களின் உரிமை பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முற்றுப்பெறாது மேசை மீது கிடந்தது. அவர் நிறுவிய பாடசாலை கொல்கத்தாவில் அரசாங்க பாடசாலையாக நிலைபெற்றது. பங்களாதேஷ் டிசம்பர் 9 ஆம் நாளை ரொக்கேயா தினமாக அனுஷ்டிக்கின்றது. 2024 ஆம் ஆண்டில் 'சுல்தானாவின் கனவு' யுனெஸ்கோவின் உலக நினைவகத்தின் ஆசிய பசுபிக் பிராந்தியப் பட்டியலில் இடம்பெற்றது.

கௌரவங்கள் ஒருபுறம் இருக்கட்டும். அரசி விதித்த இருபத்தொரு வயது என்ற எல்லையை நாம் மீண்டும் நினைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் பொதுத் திருமணச் சட்டத்தில் மண வயது 1995 இல் பதினெட்டாக உயர்த்தப்பட்டது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ அத்தகைய எல்லை எதனையும் வகுக்காமலே இயற்றப்பட்டது. அதனைச் சீர்செய்ய 2009 இல் குழு அமைக்கப்பட்டது. 2018 இல் அறிக்கை கையளிக்கப்பட்ட பின்னரும் வாதப் பிரதிவாதங்கள் ஓயவில்லை. சட்டம் பேசுவோர் பேசட்டும். தீர்ப்பு முதலில் நம் வீடுகளில் எழுதப்பட வேண்டும் என்பதே எமது கருத்தாகும். சாதாரண தரப் பரீட்சை எழுதும் முன்னரே ஒரு பிள்ளையின் புத்தகங்களைக் கட்டிப் பரணில் ஏற்றும் வாப்பா, கரீமுன்னிஸாவின் தந்தையையே பின்பற்றுகின்றார்.

கனமூலையில் மாலை மங்கி மஃரிப் பாங்கொலி கேட்கும் வேளையில், விளக்கின் கீழே புத்தகம் விரித்திருக்கும் பெண்பிள்ளைகள் இன்று பலர் உளர். அவர்கள் பக்கத்தில் அமர்ந்து ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும் காக்காமாரும் ராத்தாமாரும் பெருகட்டும். நூறாண்டுகளுக்கு முன்னர் பைராபந்தில் ஏற்றப்பட்ட விளக்கு அதைவிடப் பெரியதாக இருக்கவில்லை.