ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன்

உடம்பு தேறட்டும், பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்று கருமங்களைத் தள்ளிவைத்தல் மாந்தர்க்கு இயல்பு. உடம்பு ஒருநாளும் முற்றத் தேறாத ஒருவர் தமக்குக் கிடைத்த 44 ஆண்டுகளை எங்ஙனம் செலவிட்டார் என்பதை அறிதல் மாணாக்கராகிய நமக்கு நலம் பயப்பதாம். ‘டிரெஷர் ஐலண்ட்’ என்னும் கதையின் வாயிலாக நம்மிற் பலரும் சிறுபருவத்திலேயே அறிந்த ஸ்டீவன்ஸனே அவர்.

இவர் 1850-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ஆந் தேதி ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் தாமஸ் ஸ்டீவன்ஸன் கலங்கரைவிளக்கங்கள் கட்டுவதிற் பெயர்பெற்ற எஞ்சினீயர். ஒரே புதல்வராகிய இவரைக் குழவிப்பருவந்தொட்டே நெஞ்சுநோய் பற்றியது. அக்காலத்தார் அதனை க்ஷயமென்றே பெரும்பாலும் எண்ணினர். மருத்துவர் இன்றும் ஒருதலையாகத் துணிந்திலர். குளிர்காலத்தில் படுக்கையே குழந்தைக்கு உலகமாயிற்று. அலிஸன் கன்னிங்ஹாம் என்னும் செவிலித்தாய் இரவெல்லாம் விழித்திருந்து, இருமி வருந்தும் குழந்தைக்குக் கதைகளும் வேத சரித்திரங்களும் வாசித்துக்காட்டுவாள். கதைசொல்லும் ஆசை அங்கேதான் முளைத்தது போலும். 1885-ல் வெளியிட்ட குழந்தைப் பாடல்களை அவர் நன்றியறிதலோடு அவ்வம்மைக்கே உரிமையாக்கினார்.

தந்தையார் விரும்பிய எஞ்சினீயர்த் தொழிலை விடுத்துச் சட்டம் பயின்று, 1875-ல் வழக்கறிஞரானார். எனினும் அவர் உள்ளம் எழுத்திலேயே நின்றது. 1876-ல் பிரான்ஸு தேசத்தில் பானி ஆஸ்பர்ன் என்னும் அமெரிக்க மாதைக் கண்டு அன்புகொண்டார். 1879-ல் அவ்வம்மையை நாடிக் கடலும் நிலமுங் கடந்து கலிபோர்னியா சேர்ந்தபோது, வறுமையும் நோயும் கூடி அவரைச் சாவின் வாயிலளவும் கொண்டுசென்றன. 1880-ல் மணம் நிகழ்ந்தது. அன்றுமுதல் மனைவியாரே மருத்துவத் தாதியுமானார்.

அவருடைய பெருநூல்கள் நோய் நீங்கிய இடைவேளைகளில் எழுந்தவை அல்ல என்பதை நாம் நோக்கவேண்டும். 1884-ல் பிரான்ஸின் தென்கரையிலுள்ள யேர் என்னும் ஊரில் வாயினின்று இரத்தம் பெருகிற்று. பேசலாகாதென்று வைத்தியர் விலக்கினர். கண்ணோயால் அறை இருட்டாக்கப்பட்டது. வலக்கை உடலோடு சேர்த்துக் கட்டப்பட்டது. அவ்விருளிலே இடக்கையால் அவர் குழந்தைகளுக்குப் பாட்டெழுதினார். பின்னர் இங்கிலாந்தில் போர்ன்மத் என்னும் ஊரிற் பெரும்பாலும் வீட்டினுள்ளேயே அடைபட்டுக் கிடந்தும், ‘ஜெக்கிலும் ஹைடும்’, ‘கிட்னாப்ட்’ என்னும் இரு நூல்களையும் 1886-ஆம் ஓராண்டிலேயே வெளியிட்டார். 1893-ல் மீண்டும் பேச்சு விலக்கப்பட்டபோது, ஊமையரின் விரலெழுத்துக்களால் மனைவியாரின் மகளுக்குக் கதை சொல்லி எழுதுவித்தார்.

1887-ல் தந்தையார் இறந்தபின் தாய்நாட்டை விட்டு அமெரிக்கா சென்றார். 1888-ல் பசிபிக் சமுத்திரத்திற் கப்பலேறினார். வெப்பநாட்டுக் கடற்காற்று அவருக்கு மருந்தாயிற்று. 1889-ல் மோலோகாய்த் தீவின் குஷ்டரோகிகள் வாழிடத்தில் ஒரு வாரம்போல் தங்கி, ஆங்குள்ள சிறுமியரோடு விளையாடி மகிழ்ந்தார். பின்னர் அவர்களுக்கு ஒரு பியானோ வாத்தியமும் அனுப்பினார். நோயின் தனிமையை உணர்ந்தவர் நோயாளரை அஞ்சி விலகவில்லை.

1890-ல் சமோவா நாட்டு உபோலுத் தீவில் வைலிமா என்னுமிடத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார். காடு திருத்தினார், குதிரை ஏறினார். ஆயின் அந்நலத்திற்கு ஒரு விலையுண்டு. குளிர்நாடு திரும்பினால் உயிர் தங்காது. ஆதலின் ஸ்காத்லாந்தை மீண்டும் அவர் கண்டிலர். காணவியலாத அந்நாட்டையே தம் கடைசிக் கதைகளில் உயிரோடு வரைந்தார்.

சமோவா மக்கள் அவரைக் கதையெழுதுவோர் எனப் பொருள்படும் ‘துஸிதாலா’ என்னும் பெயரால் அழைத்தனர். 1893-ஆம் ஆண்டுப் போரில் தோற்றுச் சிறைப்பட்ட மாதாபா கட்சித் தலைவர்களை அவர் சென்று கண்டு உதவிகள் புரிந்தார். 1894-ல் விடுதலையான அத்தலைவர்கள், கூலி பெறாது தம் கைகளாலேயே அவர் வீட்டிற்கு ஒரு சாலை சமைத்து, அன்புள்ளத்தின் சாலை எனப் பெயரிட்டனர்.

அவ்வாண்டு டிசம்பர் மாதம் 3-ஆந் தேதி காலையில் நாவலின் ஒரு பகுதியை எழுதுவித்தார். மாலையில் மனைவியாரோடு உணவுக்கு வேண்டுவன செய்துகொண்டிருக்கையில், மூளையில் இரத்தங் கசிந்து வீழ்ந்து, அன்றிரவே உயிர்துறந்தார். நெஞ்சுநோய்க்கே அஞ்சிக் காத்திருந்த உற்றாரிடம் மரணம் வேறு வாயிலால் வந்தது. சமோவர் இரவு முழுதும் உடலருகே விழித்திருந்து, மறுநாள் வையா மலைக் காட்டை வெட்டி வழிசெய்து, தோள்மேற் சுமந்துசென்று உச்சியில் அடக்கஞ் செய்தனர்.

செவிலியின் விழிப்பும், தந்தையார் பொருளும், மனைவியாரின் காவலும் இன்றேல் இவ்வாழ்வு நீடித்திராது. எல்லா நோயாளருக்கும் அவை வாய்ப்பதில்லை என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும் பெற்ற அன்பை அவர் தம்மளவில் அடக்கிக்கொள்ளாது, நூலாகவும் நட்பாகவும் பிறர்க்கு ஈந்தார். நல்ல நாள் வரட்டுமென்று காத்திராது, வந்த நாளையே நல்லதாக்கினார். நோயுற்றோரைக் கண்டு அவர் வாழ்வு முடிந்ததென்று எண்ணுமுன், நாம் வையா மலையையும் அம்மக்கள் சமைத்த சாலையையும் நினைப்போமாக.