புற்றுக்குள் பார்த்த மருத்துவர்: யோஹான் கோனிக்

மஸ்ஜித் இந்தியா பக்கம் காய்கறி வாங்கப் போகிறவர்கள் மறக்காமல் கேட்டு வாங்குவது கறிவேப்பிலை. உயிரியல் படிக்கும் மாணவர்கள் அதன் தாவரவியல் பெயரைக் கவனித்திருக்கலாம்: முராயா கோனிகியை. அந்தப் பெயரின் இரண்டாம் பாதியில் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் தமிழ்நாட்டின் கடற்கரை ஊரான தரங்கம்பாடியில் வாழ்ந்தவர், நம் மலாக்காவுக்கும் வந்து போனவர். இன்று உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்கள் துருவிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியின் தொடக்கப் பக்கங்களில் அவர் பெயரும் உண்டு. செரிக்கவே முடியாத மரத்தையும் சருகையும் கறையான் எப்படி உணவாக்குகிறது என்பதே அந்தக் கேள்வி.

யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1728-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், இன்றைய லாத்வியா நாட்டில் அடங்கிய லிவோனியாவில் பிறந்தார். உயிரினங்களுக்கு இருசொல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய கார்ல் லின்னேயஸிடம் 1757-இல் மாணவராகச் சேர்ந்தார். பிறகு டென்மார்க்கில் தங்கி, அந்த அரசுக்காக 1764-65-இல் ஐஸ்லாந்து சென்று தாவரங்களைச் சேகரித்தார். பனிப்பிரதேசத்தில் வளரும் ஒரு சின்னஞ்சிறு செடிக்கு லின்னேயஸ் தம் மாணவரின் நினைவாகக் கோனிகியா என்று பெயர் வைத்தார். துருவக் குளிரில் ஒரு செடி, நம் தாளிப்புக் கரண்டியில் ஓர் இலை. ஒரே மனிதரின் பெயரை இரண்டும் சுமக்கின்றன.

1768-இல் கோனிக் தரங்கம்பாடியில் கால் வைத்தார். அப்போது அது டேனிஷ்காரர்களின் கைவசம் இருந்த ஊர். அங்கே மருத்துவர் வேலை. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, செடி கொடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் அனுப்பிய பூச்சிகளில் பலவற்றைப் பூச்சியியல் அறிஞர் ஃபாப்ரிசியஸ் விவரித்துப் பெயரிட்டார். இந்தியத் தாவரவியலின் தந்தை என்று பின்னாளில் போற்றப்பட்ட வில்லியம் ராக்ஸ்பர்க், கோனிக்கிடம் கற்றவர்களில் ஒருவர்.

ஆனால் ஆராய்ச்சி வயிற்றை நிரப்பவில்லை. 1774-இல் ஆற்காடு நவாப்பிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். அந்தச் சம்பளம் பயணச் செலவுக்குப் போதவில்லை. 1778-இல் சென்னையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளரானார். அதே ஆண்டு கப்பலேறி சயாம், மலாக்கா நீரிணைப் பகுதிகளுக்கு வந்து, 1780 வரை சுற்றினார். புக்கெட் தீவில் இஞ்சிக் குடும்பத் தாவரங்களை நுணுக்கமாக விவரித்தார். இந்தப் பயணத்தின் நாட்குறிப்பு, நீரிணைப் பகுதிக்கான அரச ஆசியக் கழகக் கிளையின் இதழில் 1894-இல்தான் ஆங்கிலத்தில் அச்சேறியது. அதற்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

அவர் பயணத்தில் இருந்தபோது, 1779-இல், பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்க வெளியீட்டில் அவருடைய கட்டுரை ஒன்று வந்தது. அதன் பொருள் தஞ்சாவூர்ப் பகுதிக் கறையான்கள். புற்றை வெட்டித் திறந்து, ராணி, சிப்பாய், வேலைக்காரக் கறையான் என்று வகை பிரித்து எழுதினார். புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற கூடுகளையும் அவற்றில் வளரும் பூஞ்சையையும் கவனித்தார். ஊர் மக்களிடம் கேட்டதையும் அவர் விடவில்லை. மழைக்குப் பின் ஈசல் பிடிக்கும் முறை, அதை மாவோடு சேர்த்துச் சமைத்து விற்பது எல்லாம் அந்தக் கட்டுரையில் இடம்பெற்றன. படிப்பறிவில்லாதவர்கள் பேச்சு என்று ஒதுக்காமல் அதையும் செய்தியாகப் பதிவு செய்தார்.

அந்தப் பஞ்சுக்கூடு என்ன என்பதை இன்று நாம் தெளிவாக அறிவோம். வேலைக்காரக் கறையான்கள் சருகையும் மரத்தையும் மென்று விழுங்கி, பாதி செரித்த நிலையில் வெளியேற்றி அந்தக் கூட்டைக் கட்டுகின்றன. அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சையைப் பயிர் செய்கின்றன. மழைக்குப் பின் புற்றருகே முளைத்து நம்மவர்கள் விரும்பிச் சமைக்கும் புற்றுக்காளான் இந்த இனம்தான். இந்தப் பூஞ்சை, மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது. இளகிய பழைய கூட்டைக் கறையான் மறுபடி தின்னும்போது, குடலிலுள்ள பாக்டீரியாக்கள் மிச்ச வேலையை முடிக்கின்றன. இந்த வகைப் பூஞ்சைக்கு 1942-இல்தான் அப்பெயர் சூட்டப்பட்டது.

கோனிக் குடலுக்குள் பார்க்கவில்லை. அந்தக் கதவை அமெரிக்கரான ஜோசப் லெய்டி 1870-களில் திறந்தார். கறையானின் குடலில் நுண்ணுயிரிகள் மொய்ப்பதை நுண்ணோக்கியில் கண்டார். 1920-களில் லெமுவல் கிளீவ்லாண்ட் ஒரு படி மேலே போனார். கறையானின் உடலுக்குள் வாழும் ஒருசெல் உயிரிகளை மட்டும் அழித்துவிட்டு, அதற்கு மரத்தையே உணவாகக் கொடுத்தார். கறையான் தின்றது. ஆனால் உயிர் பிழைக்கவில்லை. தின்பது கறையான், அதைச் செரிப்பதில் பெரும் பங்கு உள்ளே குடியிருப்பவர்களுடையது என்பது உறுதியானது.

2007-இல் கோஸ்டா ரிக்கா நாட்டுக் கறையான் ஒன்றின் பின்குடல் பாக்டீரியாக்களின் மரபணுக்களை விஞ்ஞானிகள் மொத்தமாகப் படித்தார்கள். செல்லுலோசையும் அதைச் சுற்றியுள்ள சைலானையும் உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. இதில் எரிபொருள் எங்கே வருகிறது? செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலி. அதை அறுத்தால் சர்க்கரை. சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்க வைத்தால் எத்தனால். தொழிற்சாலையில் மரக்கழிவின் கட்டை அவிழ்க்க அதிக வெப்பம், அழுத்தம், பல வேளைகளில் அமிலமும் தேவைப்படுகின்றன. கறையானோ நம் வீட்டு வெப்பநிலையில் அதைச் செய்கிறது.

இது நமக்கு ஏன் முக்கியம்? செம்பனை ஆலைக்குள் 100 கிலோ பழக்குலை போனால், வருவது ஏறத்தாழ 20 கிலோ எண்ணெய். பழம் உதிர்ந்த வெறும் குலை மட்டும் 20 கிலோவுக்குச் சற்று மேல் மிஞ்சும். அதோடு நார், ஓடு, தோட்டத்தில் வெட்டிப்போடும் மட்டை எல்லாம் உண்டு. நம் நாட்டில் டீசலில் கலக்கும் உயிரி டீசல், செம்பனை எண்ணெயிலிருந்து வருகிறது. அது சமையலுக்கும் உதவும் எண்ணெய். வெறும் குலையிலிருந்து எரிபொருள் எடுத்தால், சட்டியிலிருந்து ஒரு சொட்டும் குறையாது. தோட்டத்தில் பாட்டனும் முப்பாட்டனும் உழைத்த குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இந்தக் குலையின் எடை தெரியும்.

பால்மரத்தையும் செம்பனையையும் தாக்கி, தோட்டக்காரர்களுக்குத் தலைவலி தரும் கோப்டோடெர்மிஸ் கர்விக்னாதஸ் என்ற கறையான் நம் மண்ணிலேயே உள்ளது. செர்டாங்கிலுள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் குடலிலிருந்து செல்லுலோசைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்து அடையாளம் கண்டிருக்கிறார்கள். பூச்சி என்று மருந்தடித்து விரட்டியதையே ஆசானாக வைத்துப் பாடம் கேட்கும் வேலை இது.

வேலை இன்னும் முடியவில்லை. குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பிராணவாயு பட்டால் வாழாதவை. ஆய்வுக்கூடத்தில் தனியாக வளர்ப்பது கடினம். மேலும் அவை கூட்டாகச் செயல்படுபவை. ஒன்று விட்டதை மற்றொன்று எடுக்கிறது. ஒரே ஒரு பாக்டீரியாவைப் பிடித்துப் பெரிய தொட்டியில் போட்டால், புற்றுக்குள் நடப்பது அங்கே நடப்பதில்லை. நொதிகளை மலிவாக, அதிக அளவில் தயாரிப்பதும் இன்னும் சவாலாகவே இருக்கிறது. வேதியியல், மரபியல், இயந்திரப் பொறியியல் மூன்றும் கைகோத்தால்தான் இந்த முடிச்சு அவிழும். எஸ்.பி.எம். முடித்து எந்தத் துறை என்று யோசிக்கும் மாணவர்கள் இதையும் மனத்தில் கொள்ளலாம்.

கோனிக்கின் கடைசிப் பயணம் 1785-இல் கல்கத்தாவை நோக்கி அமைந்தது. வழியில் கடும் வயிற்றுப்போக்கு அவரைப் படுக்கையில் தள்ளியது. அருகில் பணியாற்றிய ராக்ஸ்பர்க் மருத்துவம் பார்த்தும் பலனில்லை. ஜூன் 26-ஆம் நாள் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் காலமானார். வயது 56. தம் கையெழுத்துப் படிகளை லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் கண்டறிந்த தாவரங்களில் பல, வேறு அறிஞர்களின் நூல்கள் வழியாகவே உலகை எட்டின.

புற்றைத் திறந்தபோது எரிபொருளைப் பற்றி அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. அந்தச் சொல்லுக்கு இன்றுள்ள பொருளே அன்று இல்லை. கண்டதைக் கண்டபடி, இடமும் காலமும் குறித்து, ஊரார் சொன்னதையும் சேர்த்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் தொடர்வதற்கு அது போதுமானதாக இருந்தது. அறிவியல் கூடத்தில் சோதனைப் பதிவேட்டை அவசரமாக எழுதி மூடுகிற மாணவர்கள், அந்தப் பக்கத்தை நாளை யாரோ ஒருவர் திறக்கக்கூடும் என்று நினைத்து இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதலாம்.