தென்னக வானொலியின் முன்னோடி

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வாழும் நமக்குத் தமிழ் வானொலியும் கன்னட வானொலியும் ஒருங்கே பழக்கமானவை. இவ்விரண்டின் வேரையும் தேடிச் சென்றால், அரசுக்கு முன்னரே ஆர்வலர்கள் நம் கண்முன் நிற்கக் காண்கிறோம். அவருள் தலையாயவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார்.

இங்கிலாந்திலிருந்து திரும்பிய அவர், உடன் கொணர்ந்த உறுப்புகளைப் பொருத்தி 40 வாட் ஒலிபரப்பியை உருவாக்கினார். வீட்டு மின்விளக்கொன்றின் ஆற்றலே அது! 1924 மே 16இல் அன்பர்களோடு சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார். அவ்வாண்டு சூலை 31இல் ஒலிபரப்பு தொடங்கியது. பின்னர் அதன் ஆற்றல் 200 வாட்டாக உயர்ந்தது.

ஆர்வம் இருந்த அளவிற்குப் பொருள் இல்லை. 1927 அக்டோபரில் கழகத்தின் குரல் அடங்கிற்று. எனினும் கழகத்தார் கருவியைப் பூட்டி வைக்கவில்லை. சென்னை மாநகராட்சிக்கு வழங்கினர். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. 1938 சூன் 16இல் அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் மலர்ந்தது.

எல்லைக்கு அப்பாலும் இவ்வார்வம் சுடர்விட்டது. 1935இல் மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் இல்லத்திலேயே 30 வாட் நிலையம் கண்டார். ஆகாசவாணி என்னும் பெயர் அங்குதான் வழங்கலாயிற்று.

செட்டியாரின் கழகம் வாழ்ந்தது மூன்றாண்டுகளே. ஆயினும், தொடங்கிய பணி தம் கையில் நில்லாதபோது அதனைத் தக்கார் கையில் ஒப்படைத்த பண்பினால் அது அழியாது நின்றது. தொழிற்கூடங்கள் நிறைந்த இம்மண்ணில் கல்வி பயிலும் நம் மாணவர் நெஞ்சிற்கொள்ள வேண்டிய பாடம் இதுவேயாம்.