ஐஸ் மன்னர் டியூடரும் நம் வீட்டு ஒயின் கூலரும்

சென்னை மெரினா கடற்கரைக்கு எதிரே, காமராஜர் சாலையில், வளைந்த முகப்புடன் நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த வட்டாரத்துக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். 1842-இல் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில், அமெரிக்கக் குளங்களில் வெட்டிய ஐஸ் கட்டிகளைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்து வைத்திருந்தார்கள். அந்த வியாபாரத்தை நடத்தியவர் ஃபிரெடரிக் டியூடர். நம் குடியிருப்பில் ஒயின் கூலர் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், கடைக்குப் போவதற்கு முன் இவர் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

மார்டினிக்கில் விழுந்த அடி

டியூடர் 1783-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தார். சகோதரர்கள் ஹார்வர்டில் படித்தார்கள். இவர் பதின்மூன்று வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு வியாபாரத்தில் இறங்கினார். அங்கே குளிர்காலத்தில் குளங்கள் உறைந்து கிடக்கும். யாருக்கும் விலையில்லாத அந்த ஐஸை வெப்ப நாடுகளுக்குக் கொண்டுபோய் விற்றால் என்ன என்ற எண்ணம் 1805-இல் அவரைப் பிடித்துக்கொண்டது.

1806 பிப்ரவரியில் சுமார் 130 டன் ஐஸுடன் ஒரு கப்பல் புறப்பட்டது. போன இடம், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மார்டினிக் தீவு. பின்னாளில், 1853-க்குப் பிறகு, புதுச்சேரியிலிருந்தும் நம் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேற்றப்பட்ட அதே தீவுதான்.

பாஸ்டனில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஐஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான். தீவில் ஐஸை வைக்கக் கிடங்கு இல்லை. வாங்கியவர்களுக்கும் அதை எப்படிக் காப்பது என்று தெரியவில்லை. ஒருவர் வெயிலில் வைத்தார், ஒருவர் தண்ணீர்த் தொட்டியில் போட்டார், இன்னொருவர் உப்புக்குள் புதைத்தார். எல்லாம் கரைந்து போனது. டியூடருக்குப் பல ஆயிரம் டாலர் நட்டம்.

அடுத்த சில ஆண்டுகள் கடனிலேயே கழிந்தன. 1812-இலும் 1813-இலும் கடனுக்காகச் சிறைக்கும் போனார். வெளியே வந்தபோதும் அவர் தொழிலை விடவில்லை.

மரத்தூள் செய்த வேலை

சரக்கு கிடைப்பது கஷ்டமில்லை, அதைக் கரையாமல் காப்பதுதான் கஷ்டம் என்று டியூடருக்குப் புரிந்தது. கியூபாவின் ஹவானாவில் இரட்டைச் சுவர் வைத்து ஐஸ் கிடங்கு கட்டினார். வடிந்த நீரை அளந்து, ஐஸ் எவ்வளவு வேகத்தில் கரைகிறது என்று கணக்குப் பார்த்தார். வைக்கோல், மரச்சீவல், கம்பளி என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். கடைசியில் கைகொடுத்தது, மர அறுவை ஆலைகள் வேண்டாமென்று ஒதுக்கிய மரத்தூள். தூளுக்கு இடையில் அடைபட்ட காற்று வெப்பத்தை உள்ளே விடாது. இன்று நம் குளிர்சாதனப் பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நுரைப் பஞ்சும் இதே வேலையைத்தான் செய்கிறது.

1825 வாக்கில் நத்தானியேல் வயத் என்பவர், குதிரை இழுக்கும் ஐஸ் வெட்டும் கருவியை உருவாக்கிக் கொடுத்தார். கட்டிகள் ஒரே அளவில் வந்தன. இடைவெளியில்லாமல் அடுக்க முடிந்ததால் கரைவதும் குறைந்தது.

கல்கத்தாவுக்கும் சென்னைக்கும்

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் கல்கத்தா கிளம்பியது. நான்கு மாதப் பயணத்தில் நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்தது. போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சமிருந்தது. அதுவரை அங்கிருந்த ஆங்கிலேயர் வீடுகளில் ஒயினையும் தண்ணீரையும் வெடியுப்புக் கரைசலில் வைத்துக் குளிர்விக்க 'ஆப்தார்' என்று தனியே ஒரு வேலைக்காரர் இருந்தார். ஐஸ் வந்ததும் அந்த வேலைக்குத் தேவை குறைந்தது. கல்கத்தாவைத் தொடர்ந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் ஐஸ் வந்தது. துரைமார் மேசைக்குப் போன அந்த ஐஸ், சாதாரண மக்களுக்கு எட்டாப் பொருளாகவே இருந்தது.

இதற்கிடையே காப்பிக்கொட்டை ஊகவணிகத்தில் இறங்கி இரண்டு லட்சம் டாலருக்கு மேல் இழந்தார் டியூடர். அந்தக் கடனை அடைக்க ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆயின. அடைக்க உதவியது கல்கத்தா வியாபாரம். ஐம்பது வயதில் திருமணம் செய்து, ஆறு குழந்தைகளுக்குத் தந்தையாகி, 1864-இல் செல்வந்தராகவே மறைந்தார்.

பிறகு ஐஸ் செய்யும் இயந்திரங்கள் வந்தன, கப்பல் ஐஸ் நின்றது. சென்னைக் கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞரின் கைக்கு மாறியது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான்.

கூலர் வாங்குமுன்

குளிரை உண்டாக்குவதைவிட அதைத் தப்பவிடாமல் காப்பதே பெரிய காரியம் என்பதுதான் டியூடர் பட்டறிந்த பாடம். அதை மனதில் வைத்துப் பார்த்தால் தேர்வு சுலபம்.

முதலில், கூலர் தேவையா? வாங்கிய பாட்டிலைச் சில வாரங்களில் முடிப்பவர்களுக்குச் சாதாரண ஃபிரிட்ஜே போதும். மாதக்கணக்கில் வைப்பவர்களுக்குத்தான் கூலர். ஒயினுக்கு ஏற்றது 12 முதல் 14 டிகிரி வரையிலான, ஏறி இறங்காத குளிர். ஃபிரிட்ஜின் 4 டிகிரியும் வறண்ட காற்றும் நாளடைவில் கார்க்கை உலர்த்திவிடும். கார்க் மூடியுள்ள பாட்டிலைப் படுக்க வைப்பதும் அது உலராமல் இருக்கத்தான்.

கூலரில் இரண்டு வகை. கம்ப்ரசர் இல்லாத தெர்மோஎலெக்ட்ரிக் வகை சத்தமில்லாதது, அதிர்வும் குறைவு. ஆனால் அறை வெப்பத்தைவிடப் பத்துப் பதினைந்து டிகிரிதான் குறைக்கும். கோவில்பத்தில் கத்திரி வெயிலில் அறை 35 டிகிரியைத் தொட்டால், உள்ளே 20-க்குக் கீழே இறங்குவது கடினம். ஏசி ஓடாத அறைக்குக் கம்ப்ரசர் வகையே சரி.

கண்ணாடிக் கதவுதான் பலவீனமான இடம். இரட்டைக் கண்ணாடி இருக்கிறதா என்று கேளுங்கள். கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவி வந்தால் ரப்பர் பட்டை சரியில்லை. காப்பு நன்றாக இருந்தால், மின்தடையின்போது கதவைத் திறக்காமல் விட்டால் சில மணி நேரம் தாங்கும்.

கூலர் வெளியேற்றும் வெப்பம் போக வழி வேண்டும். பின்புறம் காற்று விடும் மாடல்களைச் சுவரோடு ஒட்டி வைக்கவோ அலமாரிக்குள் அடைக்கவோ கூடாது. அடுப்புக்குப் பக்கமும் வேண்டாம். பால்கனி அறவே வேண்டாம். வெயிலோடு நம் கடற்கரை உப்புக் காற்றும் சேர்ந்து இரும்பை அரித்துவிடும்.

வாங்கிய பின், கதவை அடிக்கடி திறக்காதீர்கள். வந்தவர்களுக்குத் திறந்து காட்டும்போதெல்லாம் உள்ளே வெப்பம் புகும். மார்டினிக்கில் ஐஸ் வாங்கியவர்கள் பணத்தை இழந்தது வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான்.